எலியாஸ் கடையின் ஷட்டர்

1988ஆம் ஆண்டு மே மாதம் ஏழாம் நாள், சனிக்கிழமை மாலை. நியூ ஜெர்சி மாநிலத்துப் பிஸ்கேட்டவேயில், ஒரு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில், எண்பது தமிழர்கள் கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மனிதனின் உயிருக்கு உலைவைக்கக்கூடிய பொருள் ஒன்று களவுபோனது. ஜெபத்தின் நடுவே நடந்தது என்பதனால் அதைக் களவு என்று சொல்ல இன்றுவரை ஒருவருக்கும் வாய் வரவில்லை. குறை இதுதான். இதை வேறு சொற்களால் மெழுகத் தேவையில்லை.

பறிகொடுத்தவர் பெயர் நேசமலர். யாழ்ப்பாணத்துக் கிறித்தவர், ஐம்பத்தைந்து வயதினர், நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவர். இரத்தத் துளி தடவிய கண்ணாடித் தகடுகளை நாள்தோறும் கையாள்பவர், கை நடுங்காதவர் என்பதால், அன்றைய படக்காட்சியில் புரொஜெக்டரை இயக்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள்.

படக்காட்சி எருசலேம் பயணத்தைப் பற்றியது. அவ்வாண்டு ஈஸ்டரை ஒட்டித் தமிழ் ஐக்கியச் சபையிலிருந்து ஒரு சிறு குழு அந்நகருக்குப் போய்வந்தது. நேசமலரும் போயிருந்தார். குழுவை நடத்திச் சென்றவர் சபையின் செயலாளர் சுவிசேஷமுத்து. நாகர்கோவில்காரர், தொலைபேசி நிறுவனம் ஒன்றில் பொறியாளர், நாற்பதைத் தொட்டும் ஓய்வறியாதவர். எருசலேம் போய்வந்தவர்கள் தம் பெயருக்குப் பின்னால் ‘ஜே.பி.’ என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக்கொள்வது நம் கிறித்தவர்களிடையே உள்ள பழைய வழக்கம். ‘ஜெருசலேம் பில்கிரிம்’, அதாவது எருசலேம் யாத்திரிகர் என்பது பொருள். சுவிசேஷமுத்துவைக் கூட்டத்தில் பலர் அன்றே “வாங்க ஜே.பி. சார்” என்று கிண்டலும் மரியாதையும் கலந்து அழைத்தார்கள். அவர் அதைக் கிண்டல் நீக்கி, மரியாதையாக மட்டும் வாங்கிக்கொண்டார்.

முன்வரிசையில் ஜம்புநாதன் அமர்ந்திருந்தார். ஐஸ்லினில் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்துபவர். முதல் பயணத்துக்கு விமானச் சீட்டும் விடுதியும் ஏற்பாடு செய்தவர் அவரே. டிசம்பரில் ஹூஸ்டனிலிருந்தும் சான் ஹோசேயிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இன்னும் பெரிய குழுவை அனுப்புவதென்று அவரும் சுவிசேஷமுத்துவும் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் ஆள் சேரவில்லை. குளிர்காலம் முழுவதும் தொலைக்காட்சியில் அந்த ஊரின் கல்லெறியும் கண்ணீர்ப்புகையும் துப்பாக்கி ஏந்திய படைவீரர்களுமே வந்துகொண்டிருந்தால் எவர் துணிவர்? ஆகவே ஒரு விளம்பரத் தாள் அச்சிடுவதென்றும், அதன் முகப்பில் ‘ஊர் அமைதியாக இருக்கிறது’ என்று பார்த்தவுடன் தோன்றும்படி ஒரு படம் வேண்டுமென்றும் முடிவாயிற்று. அந்தப் படத்தைத் திரையில் பெரிதாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவே ஜம்புநாதன் வந்திருந்தார்.

கூட்டம் தொடங்குமுன் நேசமலர் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகக் குழல்விளக்கின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் புரொஜெக்டரின் வட்டத் தட்டில் அடுக்கினார். கடைசிக்கு முந்தையதைப் பிடித்தவர் கையைத் தாழ்த்தவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய நகரின் கற்பாவிய சந்து. இருபுறமும் இரும்பு ஷட்டர்கள் இறங்கிய கடைகள். நடுவே ஒன்று மட்டும் முழுவதும் திறந்து, உள்ளே விளக்கு எரிய நிற்கிறது. அதன் முன்னால் நம்மவர் ஆறு பேர் இயேசு பிறந்த காட்சியாக ஒலிவமரத்தில் செதுக்கிய மாட்டுத்தொழுவப் பொம்மைகளை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்கள் நடுவே கடைக்காரர். தலைக்குமேல் பெயர்ப்பலகை, அரபியிலும் ஆங்கிலத்திலும்: எலியாஸ்.

நேசமலர் அதை எடுத்துக்கொண்டு, மேடையருகே கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்த சுவிசேஷமுத்துவிடம் போனார்.

“தம்பி, இந்தப் படம் வேண்டாம். எடுத்து வையுங்கோ.”

“ஏன் ஆன்ட்டி? இதுதான் இருக்கறதுலயே பெஸ்ட் ஸ்லைடு. நீங்க கிளிக் பண்ணதுதானே? பேர் போடச் சொல்லட்டுமா?”

“அண்டைக்கு அங்கை ஹர்த்தால். எல்லாரும் பூட்டின நேரத்திலை அந்த மனிசன் எங்களுக்காகத் திறந்தவன். அவன்ரை முகமும் தெரியுது, பேரும் தெரியுது.”

“தெரிஞ்சா என்ன? யாரு பாக்கப் போறா, நம்ம ஜனங்கதானே.”

அச்சில் வந்தால் யார்தான் பார்க்கமாட்டார் என்று நேசமலர் கேட்டார். சுவிசேஷமுத்து அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, எருசலேமில் தாம் தங்கப்போகும் விடுதிக்கும் அங்குள்ள வழிகாட்டி அலுவலகத்துக்கும்கூட ஒரு கட்டு அனுப்ப ஏற்பாடு ஆகியிருப்பதாகப் பெருமையோடு சொன்னார். சொல்லிக்கொண்டே ஸ்லைடை அவர் விரல்களிலிருந்து மெல்ல வாங்கித் தாமே தட்டில் செருகினார். பிறகு தோளைத் தட்டி, அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இவ்வகை ஸ்லைடுகளுக்கு நெகட்டிவ் கிடையாது. அட்டைச் சட்டத்துக்குள் இருக்கும் அந்தச் சிறு படலமே முதலும் முடிவுமான பிரதி. அது இருக்கும்வரை அந்த முகத்தை எத்தனை ஆயிரம் முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். அது இல்லையென்றால் எவராலும் முடியாது. நேசமலர் அதை நன்கு அறிவார்.

விளக்கணைத்தார்கள். ஆர்மோனியம் ஒலித்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீர்த்தனையின் ஓரடியைப் பாடிவிட்டு, சுவிசேஷமுத்துவின் விளக்கத்தைக் கேட்பதென்று ஏற்பாடு. ஒலிவமலை வந்தது, பாடினார்கள். கெத்செமனேத் தோட்டம் வந்தது, பாடினார்கள். முஸ்லிம்களின் புனிதத்தலமான பொன் கவிந்த குவிமாடம் வந்தபோது பாட்டு இல்லை. ஆயினும் அதன் அழகில் கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது.

யூதர்கள் தொழும் மேற்குச் சுவரின் படத்தில் சுவிசேஷமுத்து சற்று நின்றார். “இந்தக் கல்லு இடுக்குல ஆளாளுக்கு வேண்டுதல் எழுதி வெக்கறாங்க. நம்ம கிருபாவும் ஒண்ணு வெச்சா. என்னன்னு கேக்காதீங்க, அவ தங்கச்சி கிரீன் கார்டு.” கூடம் சிரித்தது. கிருபாராணி அவருடைய மனைவி. அவரும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

நேசமலர் சிரிக்கவில்லை. அந்தச் சுவரில் அவரும் கைவைத்திருந்தார். அருகில் ஒரு யூத மூதாட்டி நெற்றியைக் கல்லில் பதித்து விம்மிக்கொண்டிருந்தார். 1948 முதல் 1967 வரை நகரம் இரண்டாகப் பிளந்து கிடந்த பத்தொன்பது ஆண்டுகளும் அம்மூதாட்டியின் மக்கள் இந்தச் சுவரின் பக்கம் வர விடப்படவில்லை; அவர்களுடைய குடியிருப்பின் தொழுகைக்கூடங்கள் இடித்து நொறுக்கப்பட்டன. வழிகாட்டி அதை உருக்கமாகச் சொன்னார். அவர் சொல்லாத ஒன்றை நேசமலர் விமானத்தில் படித்துக்கொண்டு போன புத்தகம் சொல்லியிருந்தது. சுவருக்கு முன்னால் தாங்கள் நின்ற அந்த அகன்ற வெளி, 1967 ஜூன் வரையில் வெளியாக இருக்கவில்லை. அது அரபு மக்களின் குடியிருப்பு. போர் முடிந்த கையோடு, அங்கிருந்தவர்களை வெளியேறச் சொல்லி வீடுகளை இயந்திரங்களால் தரைமட்டமாக்கினார்கள். இரண்டு கொடுமைகளுக்கும் சாட்சி ஒரே கல்தான். ஆனால் முதலாவதைச் சொல்லுகிறவர் இரண்டாவதைச் சொல்லுவதில்லை. இரண்டாவதைச் சொல்லி அழுகிறவருக்கு முதலாவது நினைவிலேயே இல்லை. அந்நகரில் இருந்த நாளெல்லாம் நேசமலருக்கு நெஞ்சில் முள்ளாக உறுத்தியது அதுவே.

திருக்கல்லறைத் தேவாலயம் திரையில் வந்தது. உள்ளே இருக்கும் கிறித்தவப் பிரிவுகள் ஒன்றையொன்று நம்பாததால், வாயிற்கதவின் சாவி பல நூற்றாண்டுகளாக முஸ்லிம் குடும்பத்தார் கையில் இருக்கிறது என்றும், மாடத்தில் சாத்திய ஏணி ஒன்றை நகர்த்தும் உரிமை எவருக்கு என்று தெரியாமல் அது அங்கேயே நிற்கிறது என்றும் சுவிசேஷமுத்து விவரித்தார். “நம்ம சபைக் கமிட்டி மாதிரியே இருக்குல்ல?” என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, மீண்டும் சிரிப்பு. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், சிலுவையை மார்பில் தைத்துக்கொண்டு வந்த சிலுவைப்போர் வீரர்கள் அந்த ஊருக்குள் புகுந்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் தெருத்தெருவாக வெட்டிச் சாய்த்ததை எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த அடியைப் பாடியிருக்க முடியாது.

சுவிசேஷமுத்து பொய்யர் அல்லர். கல்லறையின் உள்ளே முழந்தாளிட்டு அவர் அழுத அழுகையை நேசமலர் தம் கண்ணால் கண்டவர். தாம் அழுத ஊரில் எல்லாம் சரியாகவே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். விருப்பம் முற்றியபோது, சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பவும் தொடங்கிவிட்டார். “பிரச்சினை எல்லாம் டி.வி.யிலதான். நாங்க நடந்த தெருவுல ஒரு கல்லு விழலை” என்று அவர் சொன்னபோது அவர் குரலில் கள்ளம் இல்லை. கள்ளம் இல்லாமையே அச்சமூட்டியது.

தட்டு ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. அந்தப் படம் நெருங்கிக்கொண்டிருந்தது. நேசமலரின் விரல் பொத்தானின்மேல் இருந்தது; மனம் சந்துக்குள் இருந்தது.

அன்று நடந்தது இவ்வளவே. அரபுக் கிளர்ச்சிக்காரர்கள் துண்டறிக்கை விட்டு, கிழக்கு எருசலேமின் கடைகள் நாளில் சில மணி நேரமே திறந்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார்கள். மீறித் திறப்பவன் துரோகி. அதற்கு எதிராக அரசின் படையினர், அடைத்த கடைகளின் பூட்டுகளைக் கடப்பாரையால் நெம்பி, திறக்கச் சொல்லி மிரட்டினார்கள். திறக்காதவன் கலகக்காரன். கடைக்காரர்கள் இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் அல்லாடினார்கள். குழுவினர் அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது அடைப்பு நேரம் வந்துவிட்டது. ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபோல இறங்கின.

நம் வழக்கம் ஒன்று உண்டு. கடை சாத்தும் நேரத்தில் ஓடிப்போய், பாதி இறங்கிய ஷட்டரின் அடியில் குனிந்து, ஒரே ஒரு பொருள் என்று கெஞ்சினால், மறுக்கும் கடைக்காரர் நம் ஊரில் இல்லை. கிருபாராணியின் தகப்பனாரே நாகர்கோவிலில் கடை வைத்திருந்தவர். அந்தக் கெஞ்சலின் சுருதி கிருபாராணிக்குப் பிறவியிலேயே வந்தது. அவர் எலியாஸின் ஷட்டரில் உள்ளங்கையை வைத்தார். மறுநாள் காலை விமானம், சபைப் பிள்ளைகளுக்கு மாட்டுத்தொழுவப் பொம்மை வாங்கிவருவதாகச் சொல்லியாயிற்று, நாங்களும் உங்களைப்போல் கிறித்தவர்கள், பூர்வீகம் இந்தியா. இத்தனையும் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் வந்தன. நேசமலர் பின்னாலிருந்து அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து, ஹர்த்தால் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது பிள்ளை, வா போவோம் என்று சொன்னதைக் கிருபாராணி காதில் வாங்கவில்லை.

எலியாஸ் சந்தின் இரு முனைகளையும் பார்த்தார். பிறகு ஷட்டரை இடுப்பளவு உயர்த்தினார். எல்லோரும் குனிந்து நுழைந்தார்கள். சிறு கிண்ணங்களில் ஏலக்காய் மணக்கும் காப்பி கொடுத்தார். வெளியே வரும்போது சுவிசேஷமுத்து ஒரு படம் வேண்டும் என்றார். வேண்டாம் சகோதரரே என்று எலியாஸ் கைகூப்பாத குறையாகச் சொன்னார். ஒன்றே ஒன்று, நினைவுக்கு, என்றார் சுவிசேஷமுத்து. வெளிச்சம் போதவில்லை என்று கண்டு, தாமே ஷட்டரைப் பிடித்து உச்சிவரை தூக்கிவிட்டார். அது தடதடவென்று ஏறிய ஓசை சந்து முழுவதும் கேட்டது. காமெராவை நேசமலரிடம் நீட்டினார். விருந்தாளிகளிடம் முகம் முறித்துப் பேசத் தெரியாத எலியாஸ் சிரிக்க முயன்றார். காமெராவின் சிறு கண்ணாடிக்குள், பக்கத்துக் கடையின் மாடியில் ஒரு சன்னல் திறந்து, உடனே மூடியதை நேசமலர் பார்த்தார். அதற்குள் விரல் அழுத்திவிட்டது.

“அடுத்தது ஆன்ட்டி, அடுத்தது” என்றார் சுவிசேஷமுத்து. “ஜம்பு சார், இதுதான் நான் சொன்ன படம். நல்லாப் பாருங்க.”

நேசமலர் இருட்டில் தட்டைத் தடவி, அந்த ஸ்லைடைப் பல்லிலிருந்து உருவினார். பிறகு பொத்தானை அழுத்தினார். திரை வெள்ளையாக எரிந்தது. அத்தனை பேருடைய முகங்களும் அந்த வெளிச்சத்தில் வெளிறித் தெரிந்தன.

ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து ஒருவர் எழுந்து வந்தார். மாட்டவில்லை, எடுத்துவிட்டேன் என்று நேசமலர் சொன்னார். விளக்குகளைப் போட்டார்கள். அவர் கையில் இருந்ததை எல்லோரும் கண்டார்கள்.

சுவிசேஷமுத்து சிரித்தபடியே நடந்து வந்தார். ஆன்ட்டிக்கு ஒரு சின்னப் பயம் என்று கூடத்துக்குச் சொன்னார். ஜம்புநாதன் எழுந்து, முகம் மட்டும் மறைத்து அச்சிடலாமா என்று நயமாகக் கேட்டார். முகம்தான் சார் விஷயமே, சிரித்த முகத்தோடு கடைக்காரர் நின்றால்தானே ஜனங்கள் வருவார்கள் என்று சுவிசேஷமுத்து மறுத்தார். ஓர் உள்ளூர்க் கிறித்தவச் சகோதரரைப் பெருமைப்படுத்தத்தானே போகிறோம் என்று இன்னொருவர் சேர்ந்துகொண்டார். குரல்கள் கூடின. நேசமலர் அவர்களை முடிக்கவிட்டார்.

“என்ரை அண்ணை அரியரட்ணம் நெஞ்சுவலியிலை செத்தவர் எண்டு உங்களுக்குச் சொன்னனான். அப்பிடி இல்லை.” அவர் குரல் உயரவில்லை. “அவர் யாழ்ப்பாணத்திலை கடை வைச்சிருந்தவர். ஹர்த்தால் அண்டைக்கு, வெளியூராலை கோயிலுக்கு வந்த ஆக்களுக்கு மெழுகுதிரி வேணுமெண்டு கடையைத் திறந்தவர். அவையும் படம் எடுத்தவை. அந்தப் படம் ஆரின்ரையோ கையிலை போய்ச் சேந்திட்டுது.”

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டு நின்றது.

“ஒருநாள் விடியப்புறம் அவரை லைட் போஸ்ற்றிலை கட்டியிருந்தது. கழுத்திலை மட்டை. மட்டையிலை என்ன எழுதியிருந்ததெண்டு நான் சொல்லமாட்டன்.”

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றினார். எப்போது அம்மா என்று கேட்டார். எண்பத்தாறில் என்றார் நேசமலர். அவர் தலையசைத்துவிட்டு, வேறு படம் பார்க்கலாமே என்று சுவிசேஷமுத்துவின் பக்கம் திரும்பினார். அந்தக் கணத்தில் எலியாஸ் பிழைத்துவிட்டார் என்றே நேசமலர் எண்ணினார். ஸ்லைடை அங்கேயே வளைத்து ஒடித்திருக்கலாம். பிறர் பொருளை எல்லோர் முன்னும் ஒடிக்க அவர் வளர்ந்த வளர்ப்பு இடங்கொடுக்கவில்லை.

சுவிசேஷமுத்துவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. அவர் கூடத்தைப் பார்த்துச் சொன்னார்: “ஆன்ட்டிக்குள்ள இவ்வளவு பெரிய காயம் இருந்திருக்கு, நமக்குத் தெரியாமப் போச்சு. இதை இப்படியே விட்டுட்டுப் போறது நல்லாருக்காது. எல்லாரும் எழுந்து நிப்போம். கண்களை மூடுவோம். கரங்களைக் குவிப்போம்.”

எண்பது பேரும் எழுந்தார்கள். எண்பது பேரும் கண்களை மூடினார்கள்.

கைகளைக் குவிக்காமல் ஜெபிக்கலாகாது என்பது நேசமலருக்குப் பேச்சு வருமுன்பே பழகிய ஒழுங்கு. கையில் புத்தகம் இருந்தால் வைத்துவிட வேண்டும். பை இருந்தால் இறக்கிவிட வேண்டும். கை அதைத் தானாகவே செய்தது. ஸ்லைடைப் புரொஜெக்டரின் பக்கத்தில், மேசையின்மேல் வைத்தார். கரங்களைக் குவித்தார். கண்களை மூடினார்.

“எங்கள் தகப்பனே” என்று சுவிசேஷமுத்து தொடங்கினார். நல்ல குரல். காயப்பட்ட சகோதரிக்காக மன்றாடினார். மறைந்த அரியரட்ணத்துக்காக மன்றாடினார். எருசலேமின் சமாதானத்துக்காகவும் மன்றாடினார். மேடையருகில் தொடங்கிய குரல் மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. தரைவிரிப்பில் காலணி உரசும் ஓசை நேசமலருக்குக் கேட்டது. தமக்கு ஆறுதலாகக் கைவைத்து ஜெபிக்க வருகிறார் என்று நினைத்தார். அவ்வாறே ஒரு கை அவர் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. அவர் இன்னும் தலைகுனிந்தார். மற்றொரு கை எங்கே இருந்தது என்று எண்ணிப்பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்காக அவருக்கு முதன்முதலாக அழுகை வந்தது. இரண்டாண்டுகளாக வராத அழுகை. அழுதுகொண்டே ஆமென் என்றார்.

கண்களைத் திறந்தபோது மேசையில் ஒன்றும் இல்லை.

கீழே விழுந்திருக்கும் என்று ஒருவர் குனிந்தார். பிறகு பத்துப்பேர் குனிந்தார்கள். நாற்காலிகளை நகர்த்தினார்கள், தட்டைக் கவிழ்த்தார்கள், சுவிசேஷமுத்துவும் முழந்தாளிட்டு மேசைக்கடியில் தேடினார். கிடைக்கும் ஆன்ட்டி, எங்கே போய்விடும் என்று சொன்னார். இட்லி ஆறுகிறது என்று சமையலறைப் பக்கமிருந்து அழைப்பு வந்தது. கூட்டம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது.

தேடாமல் நின்றவர் ஒருவர்தான்: கிருபாராணி. நேசமலர் அவரையே பார்த்தார். கிருபாராணி பார்வையை விலக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“விட்டுடுங்க ஆன்ட்டி. அந்த ஆளு அவராத்தானே திறந்தாரு. நாம என்ன துப்பாக்கியா காமிச்சோம்?”

“துவக்குக் காட்டினவையும் இருந்தவை, காட்டாதவையும் இருந்தவை. ஷட்டரிலை இருந்தது உன்ரை கை, பிள்ளை.”

 கிருபாராணி கணவரின் மேலங்கியை நாற்காலியிலிருந்து எடுத்து, அதன் பையைத் தொடாமல் மடித்து, கையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை நேசமலர் ஜம்புநாதனை அலுவலகத்தில் போய்ப் பார்த்தார். ஜம்புநாதன் ஒளிக்கவில்லை. ஞாயிறன்று ஸ்லைடு தம்மிடம் வந்ததென்றும், கூட்டம் கலைந்தபின் அது அகப்பட்டதும் அம்மையாரே மனமுவந்து கொடுத்துவிட்டார் என்று செயலாளர் சொன்னதாகவும், அதனால் திங்கட்கிழமை காலையே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். நேசமலர் கொடுக்கவில்லை என்று கேட்டதும் அவர் முகம் கறுத்தது. அச்சகத்துக்குத் தொலைபேசினார். அச்சுத் தகடு எடுத்தாயிற்று, இனி நிறுத்த முடியாது என்று பதில் வந்தது. எருசலேமுக்குக் கட்டு அனுப்புவதையாவது நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குத் தவறக்கூடியவர் அல்லர். ஆனால் அந்த வாக்கினால் பயன் ஒன்றும் இல்லை என்பது, அச்சான தாளைக் கண்ட அன்று நேசமலருக்குத் தெரிந்தது.

ஜூன் நடுவில் அது வெளிவந்தது. வழுவழுப்பான தாள். முகப்பில் எலியாஸ். அவர் சிரிக்க முயன்ற அந்தச் சிரிப்பு, அச்சில் உண்மைச் சிரிப்பாகவே ஆகியிருந்தது. அருகில் ‘அமைதியின் நகரம் உங்களை வரவேற்கிறது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்து. பின்பக்கத்தில் விடுதியின் முகவரி, வழிகாட்டியின் தொலைபேசி எண், அவசர உதவி எண். கீழே ஒரு குறிப்பு: பயணிகள் இந்தத் தாளை எருசலேமில் எப்போதும் தம்மிடம் வைத்திருக்க வேண்டும்.

எனவே கட்டு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. டிசம்பரில் ஒவ்வொரு யாத்திரிகரும் தம் கைப்பையில் ஒரு துரோகப் பத்திரத்தைச் சுமந்துகொண்டு அந்தச் சந்துக்குள் நடப்பார். வழிகேட்கும்போது அதை எடுத்து நீட்டுவார். பொம்மை வாங்கும்போது, இந்தக் கடை எங்கே இருக்கிறது என்று அந்த முகத்தைக் காட்டியே கேட்பார். இராணுவம் எடுக்காத படத்தை, ஒற்றர் எவரும் எடுக்காத படத்தை, நாமே எடுத்து, நாமே அச்சிட்டு, நாமே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம்.

நேசமலர் சுவிசேஷமுத்துவிடம் மறுபடியும் போனார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொன்னார். போதகரிடம் போனார். சபையின் ஒற்றுமை முக்கியம் என்று அவர் சொன்னார். எலியாஸுக்கே எழுதி எச்சரிக்கலாமென்றால், தணிக்கைக்காரர் கையில் அகப்படும் அந்தக் கடிதமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அவர் எழுதவில்லை.

இப்போது அவர் செய்வது ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் எடிசனிலும் ஐஸ்லினிலும் உள்ள இந்திய மளிகைக் கடைகளுக்குப் போகிறார். கல்லாவின் பக்கத்தில் அந்தத் தாள்கள் அடுக்கியிருக்கும். அடுக்கோடு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். இத்தனை பேரா கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று ஒரு கடைக்காரர் வியந்து கேட்டாராம். ஓம், என்ரை சொந்தம் முழுக்க என்று சொல்லிவிட்டு வந்தாராம். வீட்டுக்குப் போய், அடுப்பங்கரைத் தொட்டியில் போட்டு எரிக்கிறார். புகையுணர்வி அலறுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். அடுத்த வாரம் கடைகளில் புதிய அடுக்கு வந்துவிடுகிறது.

எடிசனும் ஐஸ்லினும் அவர் கைக்கு எட்டும். ஹூஸ்டன் எட்டாது. டாலஸ் எட்டாது. சான் ஹோசே எட்டாது. அந்த ஊர்களுக்கும் பெட்டிபெட்டியாகப் போயிருக்கிறது என்று ஜம்புநாதனே தலைகுனிந்து சொன்னார்.

ஆகையால், இதைப் படித்துக்கொண்டிருக்கும் உம்மிடம் கேட்கிறேன். உம் ஊர் மளிகைக் கடையில், கோயில் வாசலில், தமிழ்ச் சங்க விழாவின் மேசையில் அந்தத் தாள் கிடக்கும். ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிடாதீர்; எல்லாவற்றையும் எடும். எவரிடமும் அனுமதி கேளாதீர். உம் உறவினர் எவரேனும் டிசம்பரில் போகிறார் என்றால், அவர் பையைத் திறந்து பார்த்து, இருந்தால் எடுத்துவிடும். அவர் கோபித்தால் கோபிக்கட்டும். முதலில் முகம் இருக்கும் பகுதியையும் பெயர்ப்பலகையையும் கிழித்துப்போடும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு என்று தள்ளாமல், இன்றைக்கே போம்.